சீல் வைத்த சாம்பிள்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அலுவலகத்தில் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் சுடுதக்கா. புதிதாக வரும் எந்தச் சார்ஜரையும் அரை நாள் ஓடவிட்டு, புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்த்து, "சுடுது" என்று சொல்லி ஓரமாகத் தள்ளிவிடுவாள். அந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் பிழைப்பில் மண் விழுந்ததோ அவளுக்கே தெரியாது. வாசலில் காவலுக்கு இருப்பவர்கூட அவள் காலையில் உள்ளே நுழையும்போது, "அக்கா, இன்னைக்கு வெயில் எப்படி, சுடுதா?" என்று கேட்டுச் சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். பட்டப்பெயர் வைத்தவர்களோடு சண்டைக்குப் போனால் அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் பள்ளிக்கூடத்திலேயே கற்ற பாடம்.

அந்தக் கம்பெனி எதையும் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. சார்ஜர், ஒயர், காதில் மாட்டுவது என்று போனைச் சுற்றியுள்ள சாமான்களை வேறு ஃபேக்டரிகளில் செய்யச் சொல்லி, தன் பெயரை மேலே அச்சடித்துக் கடைகளுக்கு விற்கும். எந்தச் சாமானை எந்த ஃபேக்டரியில் செய்யச் சொல்லலாம் என்று பார்த்துச் சொல்வது சுடுதக்காவின் வேலை. ஆரம்பத்தில் அவள் கீழே பேக்கிங் மேசையில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள். கடைகளிலிருந்து திரும்பி வந்த கெட்டுப்போன சார்ஜர்களை ஒரு நாள் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, கருகிய வாடையை வைத்தே எது எந்த ஃபேக்டரியுடையது என்று பக்கத்தில் இருந்தவளிடம் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கமாக வந்த முதலாளி அதைக் கேட்டார். அடுத்த மாதமே அவளை மாடிக்கு ஏற்றிவிட்டார். அன்று ஏறியவளை அவர் அப்புறம் இறங்கவே விடவில்லை.

மாடியில் அவளுக்குக் கொடுத்தது ஜன்னல் இல்லாத அறை. ஒரு நீள மேசை, சுவர் ஓரமாக வரிசையாகப் பிளக் பாயிண்டுகள், சாமானை நெருக்கி உடைக்க ஒரு வைஸ், கண்ணாடி விரிசல் விட்ட பழைய போன்கள் ஒரு தட்டு நிறைய. இவற்றோடு ஒரு ஷூ டப்பாவும் ஒரு பழைய டவலும் உண்டு. ஃபேக்டரிக்காரர்கள் சார்ஜரை மேசை மேல் காற்றாட வைத்துச் சோதித்து ரிப்போர்ட் அனுப்புவார்கள். வீட்டில் யார் சார்ஜரைக் காற்றாட வைக்கிறார்கள்? மெத்தை ஓரத்தில் கிடக்கும், சோபா இடுக்கில் கிடக்கும், தலையணைக்கு அடியில் கிடக்கும். அதனால் அவள் சார்ஜரை டவலில் சுற்றி, ஷூ டப்பாவுக்குள் வைத்து மூடி, போன்களை மாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள். சாயங்காலம் திறந்து புறங்கையை வைப்பாள்.

வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்த வேலை அவளை விடவில்லை என்பதுதான் குறை.

அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். அந்த அச்சகம் இந்த ஊரைக் காலி செய்துகொண்டு, ரயிலில் ஒரு முழுப் பகல் உட்கார வேண்டிய தூரத்துக்குப் போனபோது அவரும் கூடவே போனார். அங்கே அவருடைய அக்கா இருந்ததால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போனார். "நீ ஒண்டியா இருந்துக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு, இவளையும் எப்படிப் பார்ப்பே? கொஞ்ச நாள்தான். அப்புறம் நீயும் வந்துடு" என்றார். அப்போது ஷூ லேஸ் கட்டத் தெரியாத பெண், இப்போது அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். சுடுதக்கா தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்துகொண்டு தினமும் சாயங்காலம் போனில் குடும்பம் நடத்துகிறாள்.

வேலையை உதறிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. அச்சகத்தில் பாதி நாள் மிஷின் ஓடுகிறது, பாதி நாள் ஓடுவதில்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு விளக்கு எரிகிறது. ஆனால் கம்பெனிக்கு அதே ஊரில் ஒரு கிளை இருந்தது, சரக்கை வாங்கி வைத்து அங்குள்ள கடைகளுக்கு அனுப்பும் ஒரு குடோன். அங்கே மாற்றிவிட்டால் சம்பளமும் போகாது, குடும்பமும் ஒன்றாகும். வருஷா வருஷம் கேட்டாள். முதலாளி ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டு, டீ வரவழைத்து, "நீங்க இல்லாம இங்க என்னம்மா நடக்கும்? இந்த ஒரு வேலை மட்டும் முடியட்டும்" என்பார். ஒரு வேலை முடிந்தால் இன்னொன்று வரிசையில் நிற்கும். அன்பாலேயே ஆளைக் கட்டிப்போடுகிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது, அவருக்கு வந்தது.

இந்தத் தடவை கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெறுகிறார். இடம் நிஜமாகவே காலியாகிறது. முதலாளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு போர்ட் ஃபாஸ்ட் சார்ஜர் ஒண்ணு பெரிய கடைக்காரங்க கேக்கறாங்க. அவங்க கடை எல்லாத்துலயும் நம்ம சரக்குதான் இருக்கப் போகுது. நல்ல ஃபேக்டரியா பார்த்து, ஆர்டர் போட்டு, முதல் லோடு வெளிய போயிடட்டும். அன்னைக்கே உங்களுக்கு டிக்கெட் நான் போடறேன்மா."

"நிஜமாவா சார்?"

"அட, வாக்கு கொடுத்தா மாறுவேனா?"

அவள் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள்.

ஒரே சார்ஜரில் இரண்டு வாய், இரண்டு போனையும் சேர்த்து வேகமாக ஏற்ற வேண்டும். கேட்பதற்குச் சின்ன சமாச்சாரம். ஒரு வாயில் மட்டும் மாட்டினால் எல்லாச் சார்ஜரும் உத்தமனாகத்தான் நடந்துகொள்ளும். இரண்டாவதையும் மாட்டும்போதுதான் சாயம் வெளுக்கும். மின்சாரத்தை இரண்டு பங்காகப் பிரிக்கத் தெரிய வேண்டும், சூட்டைத் தாங்கத் தெரிய வேண்டும். வந்த சாம்பிள்களில் பாதிக்கு மேல் ஷூ டப்பாவுக்குள் போய் "சுடுது" என்ற பட்டத்தோடு வெளியே வந்தன. கடைசியில் இரண்டு ஃபேக்டரிதான் மிஞ்சின.

ஒருவர் நாளைக்காரர். இது அவள் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். சரக்கு எப்போது வரும் என்றால் நாளைக்கு. ஏன் வரவில்லை என்றால் அதற்கான காரணமும் நாளைக்கு. ஆனால் சரக்கு தங்கம். அவருடைய சார்ஜரில் ஒரு போன் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை மாட்டினால், முதல் போன் ஒரு மூச்சு இழுக்கும் நேரம் நின்று, பிறகு நிதானமாக மறுபடி ஏறத் தொடங்கும். பங்கு பிரிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சார்ஜருக்குள் ஒவ்வொரு ஃபேக்டரியும் வைக்கும் சர்க்யூட் போர்டுக்கு இந்த இடைவெளி ஒவ்வொரு மாதிரி இருக்கும். அவசரப்படுவதும் உண்டு, இரண்டு மூன்று தடவை விட்டு விட்டு ஏறுவதும் உண்டு.

இன்னொருவர் சிரிப்புக்காரர். விலையும் குறைவு, தேதியும் தவறாது. போனில் பேசினாலே அவர் சிரிப்பது தெரியும். அவருடைய சாம்பிள் வந்தபோது அவள் நம்பிக்கை இல்லாமல்தான் டவலில் சுற்றினாள். சாயங்காலம் திறந்து புறங்கையை வைத்தால் இதமாக இருந்தது. மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும் வைத்தாள். இரண்டாவது போனை மாட்டிப் பார்த்தாள். முதல் போன் ஒரு மூச்சு நின்று, நிதானமாக மறுபடி ஏறியது.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நேரே முதலாளியிடம் போனாள்.

"சார், நாளைக்காரர் சரக்குக்கு இது ஒரு முடி குறைச்சல் இல்ல. ரெண்டாவது போன் போட்டா அந்தச் சின்ன இடைவெளி வரும் பாருங்க, அதுகூட அச்சு அசல் அதே மாதிரி!"

தன் வாயாலேயே சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. எத்தனையோ வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. அவள் மனசு அப்போதே ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டது, அறையில் இருந்தது உடம்பு மட்டும்தான்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்துப்போன சாம்பிள்களில் ஒரே மாதிரி இரண்டை எடுத்து, தனித்தனிப் பையில் போட்டு, அரக்கு போல ஒரு பிளாஸ்டிக் சீல் வைத்து, மேலே இரண்டு பக்கத்தாரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பை வாங்குகிறவரிடம், ஒரு பை ஃபேக்டரியிடம். நாளைக்குச் சரக்கில் தகராறு வந்தால் பையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், இரண்டு பக்கத்தாரும் கூட இருக்கும்போது மட்டும். கம்பெனி சார்பில் அவள் கையெழுத்துப் போட்டாள். சிரிப்புக்காரர் நேரில் வந்து தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அக்கா கை பட்டா ராசி" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆர்டர் போட்டதும் முதலில் சில பெட்டிகள் மட்டும் வந்தன. அன்றைக்குக் கிளைக்கு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் மேல் பெட்டியைப் பிரித்து ஒரு சார்ஜரை எடுத்து, சோதித்துப் பார்க்கக்கூட நிற்காமல், வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொல்லி டிரைவர் கையில் கொடுத்தாள். அங்கே அவர்கள் இருக்கும் அறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் கட்டிலுக்குப் பின்னால். அப்பா போன் ஏறும்போது பெண்ணின் போன் செத்துக் கிடக்கும். சாயங்காலம் அவள் கூப்பிடும்போது இருவரில் யாராவது ஒருத்தர்தான் அகப்படுவார்கள். சார்ஜர் போய்ச் சேர்ந்த அன்று பெண் கூப்பிட்டாள்.

"அம்மா! ரெண்டு போனும் சேர்ந்து ஏறுதும்மா! இது நீ பார்த்துப் பொறுக்கினதா?"

"ஆமாடி கண்ணு."

"அத்தைகிட்ட காட்டினேன். பரவாயில்லையே உங்க அம்மான்னாங்க."

நாத்தனார் வாயிலிருந்து பரவாயில்லை என்று வருவது லேசுப்பட்ட காரியமில்லை. கெட்டவள் இல்லை, குழந்தையைத் தன் குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டாள். ஆனால் போன தடவை போயிருந்தபோது, "இன்னும் கொஞ்ச நாள் போனா இவ என்னையே அம்மான்னு கூப்பிடப் போறா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைச் சுடுதக்கா ரயிலில் முழுப் பகலும் சுமந்துகொண்டு வந்தாள்.

பெரிய கடைக்கான முழு லோடு வந்து இறங்கியது. வார முடிவில் வெளியே போக வேண்டும். பெட்டிகளை எண்ணி அடுக்கிய ஸ்டோர்காரர், "மேடம், ஒண்ணு ரெண்டு எடுத்து ஒரு போன் மாட்டிப் பார்த்தேன், ஜோரா ஏறுது. கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று கேட்டார். அவள் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் பழக்கதோஷத்தால் கீழே வைத்துவிட்டு, நடுவிலிருந்து ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு சார்ஜரை மாடிக்குக் கொண்டுபோய் டவலில் சுற்றினாள். இரண்டு வாயிலும் போனை மாட்டினாள்.

இரண்டாவது போன் மாட்டியும் முதல் போன் நிற்கவில்லை. ஒரு மூச்சுகூட நிற்கவில்லை. அது தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. பங்கு பிரிக்கிற பேச்சே அங்கே இல்லை. அவளுக்கு ஏதோ இடறியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. மூடியைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனாள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வாடை மூக்கில் ஏறியது. பேக்கிங் மேசைக் காலத்து வாடை. டப்பாவைத் திறந்து புறங்கையை வைத்தவள் உதறிக்கொண்டு இழுத்தாள். டவலில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

இன்னும் இரண்டை எடுத்து வந்தாள். அவையும் அப்படித்தான். அலமாரியைத் திறந்து சீல் வைத்த பையை எடுத்தாள். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டாள். கத்தரியால் சீலை வெட்டி, சாம்பிளை வைஸில் வைத்து நெருக்கினாள். படக்கென்று ஓடு பிளந்தது. பக்கத்திலேயே லோடில் வந்த சார்ஜரையும் பிளந்தாள். லோடு சார்ஜருக்குள் பாதி இடம் காலி. சாம்பிளுக்குள் நெருக்கமாக, நேர்த்தியாக ஒரு போர்டு, அதன் ஓரத்தில் எழுத்துகளைப் பிளேடால் சுரண்டிய தடம். சுரண்டினால் என்ன, அந்தப் போர்டை அவளுக்குத் தெரியாதா? நாளைக்காரரின் போர்டு அது. அந்த ஒரு மூச்சு இடைவெளி அதே மாதிரி இருந்தது, அதுவேதான் இது என்பதால். கடையில் நாளைக்காரர் சார்ஜரை வாங்கி, மேல் ஓடு மட்டும் மாற்றித் தன் சாம்பிள் என்று சிரிப்புக்காரர் அனுப்பியிருக்கிறார். அதைத்தான் அவள் அச்சு அசல் என்று கொண்டாடினாள்.

சிரிப்புக்காரரைப் போனில் பிடித்தாள்.

"என்ன அக்கா, சாம்பிள்னா கொஞ்சம் மேக்கப் இருக்கத்தானே செய்யும்? ரெண்டு வாயிலயும் போட்டு, அதுவும் மூடி வச்சு, யாரு அக்கா பயன்படுத்துவாங்க?"

"எல்லாருந்தான் பயன்படுத்துவாங்க! சாம்பிள்ல இருக்கிறது உங்க போர்டே இல்ல. பிரிச்சுப் பார்த்துட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பிரிச்சுட்டீங்களா? சீலை உடைச்சா? நான் இல்லாமயா? அப்போ உள்ள இருந்தது நான் கொடுத்ததுதான்னு எப்படி அக்கா சொல்வீங்க? நீங்களே மாத்தி வச்சிருக்கலாமே. என்கிட்ட இருந்த பையும் எங்க போச்சோ தெரியல. கோவிச்சுக்காதீங்க, கேக்கறவங்க அப்படித்தானே கேப்பாங்க?"

அவள் கையில் வெட்டிய பை இருந்தது. அதன் மேல் அவளுடைய கையெழுத்து, நடுவில் இரண்டு துண்டாக.

"முதல் லோடு போயிடட்டும் அக்கா. அடுத்ததுல சரி பண்ணிடறேன். உங்களுக்கும் எங்கயோ மாத்தல் இருக்காமே, முதலாளி சொன்னாரு. எதுக்கு வீணா?"

ஸ்டோர்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாடை கீழே வரை வந்திருந்தது. அவர் டவலைப் பார்த்தார், பிளந்த சார்ஜர்களைப் பார்த்தார், கதவை மெதுவாகச் சாத்தினார்.

"மேடம், நான் எதையும் பார்க்கல. நீங்களும் பார்க்காத மாதிரி இருந்துடுங்க. நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. திரும்பி வர்ற சரக்கை நாங்க பார்த்துக்கறோம்."

அந்த ஜன்னல் இல்லாத அறையில் அவள் முதல் தடவையாக மூச்சு முட்டுவதை உணர்ந்தாள். சொன்னால் ஆர்டர் நிற்கும், மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும், கிளை இடத்துக்கு வேறு ஆள் போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு கையெழுத்து, ஒரு ரயில் டிக்கெட். ஊர் முழுக்கக் கட்டிலுக்குப் பின்னாலும் தலையணைக்கு அடியிலும் இந்தச் சாமான் போய் உட்காரும். எல்லாரும் இரண்டு வாயிலும் போடப் போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஸ்டோர்காரர் போன பிறகு, யாரும் இல்லாத அறையில் அவள் அதைச் சத்தமாகவே சொன்னாள். கொஞ்சம் நம்பவும் செய்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவே செய்துவிட்டாள்.

முடிவு செய்துவிட்டு, அவள் செய்த முதல் காரியம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டதுதான்.

"என்னங்க, வீட்டுலயா இருக்கீங்க?"

"இன்னைக்கு மிஷின் ஓடல. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அந்தச் சார்ஜரை முதல்ல பிடுங்குங்க. இப்பவே. தொட்டுப் பாருங்க."

கட்டில் நகரும் சத்தம் கேட்டது.

"ஏய், என்னடி இது, கொதிக்குது! ரெண்டு போனையும் மாட்டி மெத்தை ஓரத்துலயே கிடந்துது. பிடுங்கிட்டேன். பயப்படாதே."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொன்னா நான் வர முடியாது."

அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் மனைவி பக்கத்தில் இல்லாமல் வருஷக்கணக்காக ஒரு வீட்டை இழுத்துக்கொண்டிருப்பவர்.

"விடு. நாலு சார்ஜர் திரும்பி வரும், அவ்வளவுதானே? எத்தனை பேரு ரெண்டு வாயிலயும் போடப் போறாங்க? ஊருக்கெல்லாம் நீ ஒருத்திதான் பொறுப்பா? கையெழுத்தைப் போட்டுட்டு வந்து சேரு. இவளுக்கு அம்மா வேணும். எனக்கும்தான்."

சற்று முன்பு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஆசையும் வந்தது.

"சரி" என்றாள். "அப்படின்னா அதைத் திரும்ப மாட்டுங்க."

"எதை?"

"அந்தச் சார்ஜரைத்தான். ஒண்ணும் ஆகாதுன்னீங்களே. ரெண்டு போனையும் போட்டு, அவ தலைமாட்டுல வைங்க."

தெருவில் போகும் ஏதோ வண்டிச் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. அவள் காத்திருந்தாள். பிளக் போடும் சத்தம் வரவில்லை.

"போய்ச் சொல்லிடு" என்றார் அவர் கடைசியில்.

முதலாளியிடம் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. இரண்டு பிளந்த சார்ஜர்களையும் பழுப்பு வட்டம் விழுந்த டவலையும் மேசையில் வைத்தாள். அச்சு அசல் என்று தானே புகழ்ந்ததை நினைவுபடுத்தினாள். ஆத்திரத்தில் சீலைத் தானே உடைத்துவிட்டதையும், இனி எதையும் நிரூபிக்க முடியாது என்பதையும் சொன்னாள். திட்டட்டும், வேலையை விட்டே போகச் சொல்லட்டும் என்றுகூட ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். போகச் சொல்லிவிட்டால், போய்விடலாம் அல்லவா?

அவர் டவலை எடுத்து முகர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"சீல் எதுக்கும்மா எனக்கு? நீங்க சொன்னா பத்தாதா?"

அவள் எதிரிலேயே சிரிப்புக்காரரைக் கூப்பிட்டு, ஆர்டர் ரத்து, லோடைத் திரும்ப எடுத்துக்கொள் என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். நாளைக்காரருக்கும் அவரே பேசினார். எப்போது தொடங்கலாம் என்று கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய கடைக்காரரிடம் தவணை கேட்டுக் கெஞ்சினார். எல்லாம் முடிந்ததும் எழுந்து நின்று, ஆபீஸில் இருந்தவர்களையெல்லாம் வரச் சொன்னார்.

"இவங்க இன்னைக்கு என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? நம்ம பேரைக் காப்பாத்தியிருக்காங்க. எத்தனை வீட்டைக் காப்பாத்தியிருக்காங்கன்னு கணக்கே இல்ல. கை தட்டுங்கப்பா!"

எல்லாரும் தட்டினார்கள். வாசல் காவலாளிகூட எட்டிப் பார்த்துத் தட்டினார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷர், தன்னை அனுப்பாமலா இருப்பார் என்று நினைத்தாள். கூட்டம் கலைந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், அந்தக் கிளை விஷயம்…"

"அதையேதான் நானும் யோசிச்சேன்மா. ஸ்டோர்காரரை அனுப்பிடலாம்னு இருக்கேன். அங்க என்ன, சரக்கை எண்ணி அனுப்பற வேலைதானே? உங்களை மாதிரி ஒருத்தரை அங்க கொண்டுபோய் வீணடிக்கறதா? தெரியாத்தனமா வாக்கு கொடுத்துட்டேன், மன்னிச்சிடுங்க. இன்னைக்கு நீங்க இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே பயமா இருக்கு. இனிமே உங்க கையெழுத்து இல்லாம ஒரு ஒயர்கூட இந்த வாசலைத் தாண்டாது."

அவர் டீ வரவழைத்தார். அவள் குடித்தாள். என்ன சொல்லிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டுகிறவரிடம் திரும்பப் பேசலாம், கும்பிடுகிறவரிடம் என்ன பேசுவது? படியேறி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிளந்து கிடந்த ஓடுகளைக் கூட்டி அள்ளினாள். எதையும் பார்க்காத ஸ்டோர்காரர் சாயங்காலம் வந்து, "மேடம், அந்த ஊர்ல வீடு வாடகையெல்லாம் எப்படி?" என்று விசாரித்தார். அவள் தெரிந்தவரை சொன்னாள். நாத்தனார் தெருவில் ஒரு வீடு காலியாக இருந்தது. தனக்காகப் பார்த்து வைத்த வீடு. அதையும் சொன்னாள்.

தையல் கடைக்கு மேலே அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து சாயங்காலம் போன் போட்டாள். பெண்தான் எடுத்தாள்.

"அப்பா சொல்லிட்டாரும்மா. நீ வரமாட்டியாமே."

"இப்ப இல்லடி. பார்க்கலாம்."

"ஏன்மா? நீ தப்பு ஒண்ணும் பண்ணலையே?"

"இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க."

"அப்புறம் ஏன் விடமாட்டேங்கறாங்க?"

சுடுதக்கா யோசித்து, உள்ளதைச் சொன்னாள்.

"ரொம்ப நல்ல பேரு வாங்கிட்டேன் கண்ணு. அதான்."

அந்தப் பக்கம் பெண் யோசிப்பது தெரிந்தது.

"அப்போ கொஞ்சம் கெட்ட பேரு வாங்கேம்மா."

சுடுதக்கா வாயைத் திறப்பதற்குள், சார்ஜ் தீரப்போகுது என்று பின்னாலிருந்து வீட்டுக்காரரின் குரல் கேட்டது. பழைய சார்ஜரில்தான் இப்போது இருவரும் முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தன் போனில் சார்ஜ் இல்லை, அப்பா போன் ஏறி முடிய இன்னும் நேரமாகும், நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் பெண் வைத்துவிட்டாள்.